எட்டாம் மாதத்துப் பிள்ளை

சின்னமனூரில் தையல்கடை வைத்திருந்த மகிமாவுக்குக் கல்யாணத்துக்கு முன்பே சிறுநீரகக் கோளாறு. அமல்ராஜ் தெரிந்துதான் கட்டினான். வயிற்றில் பிள்ளை தங்கியதும் தேனி டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார்.

"குழந்தை முன்னாடியே பிறக்கலாம். எடை குறைவா இருக்கலாம். உங்க கிட்னி இன்னும் மோசமாகலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

ஊர் திரும்பும் பஸ் வீரபாண்டியைத் தாண்டியதும் மாமியார் ஆரோக்கியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கலைச்சிருவோம் ஆத்தா. நீ இருந்தாப் போதும்" என்றாள்.

பாசத்தில்தான் சொல்கிறாள் என்று தெரிந்ததாலேயே மகிமாவுக்குக் கோபம் கூடியது.

"டாக்டரம்மா என்னையத்தான யோசிக்கச் சொன்னாக? யோசிச்சுட்டேன் அத்தை. பெத்துக்கிறேன்."

உப்பைக் குறைத்தாள். டாக்டரம்மா மாற்றிக் கொடுத்த மாத்திரைகளை விழுங்கினாள். ஒரு செக்கப்பையும் விடவில்லை. அப்படியும் எட்டாம் மாதத் தொடக்கத்தில் பிரஷர் எகிறி, முகம் வீங்கி, ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பெண். ஒன்றரைக் கிலோகூட இல்லை. மூக்கில் குழாயோடு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது.

பார்க்க வந்த சின்ன மாமியார் வார்டுக்கே கேட்க, "சீக்குக்காரி பாலைக் குடுத்துறாதீக. ரத்தத்துல இருக்குறது பால்லயும் வரும்" என்றாள்.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மாவை மகிமா நிறுத்தினாள். தையல் வலியோடு எழுந்து உட்கார்ந்து, "என் பாலைக் குடுக்கலாமா டாக்டரம்மா? இவுக காதுல விழுற மாதிரிச் சொல்லுங்க" என்றாள்.

"தாராளமா. இந்த மாத்திரைகளால குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. குறைமாசக் குழந்தைக்கு உங்க பாலைவிடப் பெரிய மருந்து இல்ல."

ஆரோக்கியம்மாள் சட்டென எழுந்தாள். "கேட்டாச்சுல்ல தங்கச்சி? கெளம்பு. இவ பால் எடுக்கணும்."

முதல்நாள் சில சொட்டுகள்தான் வந்தன. அதையும் குழாய் வழியே உள்ளே விட்டார்கள். பிள்ளை கிராம் கிராமாக ஏறி, வாரக்கணக்கில் அங்கேயே கிடந்து, ஒருவழியாக வீடு வந்தது. மகிமாவின் சிறுநீரகம்தான் இறங்கிக்கொண்டே போனது.

ஞானஸ்நானத்தன்று தலையில் தண்ணீர் பட்டதும் பிள்ளை கோயில் அதிரக் கத்தியது. வெளியே வந்ததும் உறவுப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஏன் இத்தனூண்டு இருக்கிறாள் என்று ஒருத்தி கேட்டாள். ஆரோக்கியம்மாள் பேச்சை மாற்றப் பார்த்தாள். மகிமா பிள்ளையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டாள்.

"எனக்குக் கிட்னி சீக்கு. அதான் முன்னாடியே பெறந்துட்டா. எனக்கு டயாலிசிஸ் பண்ணணும்னு சொல்லியிருக்காக, பண்ணிக்குவேன். இப்ப ரெண்டு பேரும் உசுரோட இருக்கோம். பந்தி போட்டாச்சு, சாப்பிட வாங்க."