குறுக்கே வீசிய துண்டு

ஒன்பதாம் வளைவில் சொரிமுத்து இரண்டாம் கியருக்கு இறங்கினான். ஆம்புலன்ஸ் ஒரு முறை முனகி, மலையின் தோளில் சாய்ந்தவாறு ஏறியது. பின்னால், மூன்று பட்டைகளும் பூட்டிய படுக்கையில், அவனுடைய அண்ணன் உச்சிமாகாளி வெள்ளைத் துணிக்குள் கிடந்தான். உயிர் போனவனுக்கு அத்தனை இறுக்கம் வேண்டியதில்லை. பன்னிரண்டு ஆண்டுப் பழக்கத்தில் கைகள் தாமாகவே இறுக்கிவிட்டிருந்தன.

இருக்கைக்குப் பின்னிருந்த சிறு சன்னல் வழியே அண்ணி பொன்னம்மையின் குரல் வந்தது.

“சைரன் போடலியா முத்து?”

“வேண்டாம் மதினி.”

“நேத்தும் மைதானத்துல நிப்பாட்டிட்டே.”

“ஹெலிகாப்டர் வரும்போது போடக் கூடாது. அவங்க போன்ல சொல்றது நமக்குக் கேக்காது.”

 இரு வளைவுகள் கழிந்தன. தேயிலைச் சரிவுகளின் மேல் மஞ்சு எனும் பனிமூட்டம் வெளுத்த போர்வையாய் இறங்கிக்கொண்டிருந்தது.

“நான் துண்டக் காட்டினேனே. அவங்க பாக்கலியோ?”

சொரிமுத்து கண்ணாடியைப் பார்த்தான். அதில் சாலை மட்டுமே தெரிந்தது.

“பாக்கல மதினி. மஞ்சு அப்பிடி.”

“ஆமா, மஞ்சுதான்” என்றாள் அவள்.

நேற்று முற்பகல், கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் உச்சிமாகாளி நெஞ்சைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்தான். அழைப்பு வந்தபோது சொரிமுத்து மலையடிவாரத்து வித்துராவில் ஆம்புலன்ஸ் பணியிலிருந்தான். வண்டியில் உடன் வரும் செவிலி ரெம்யா, எஸ்டேட்டை அடைந்ததும் நாடி பார்த்து, ஊசி போட்டு, ஆக்சிஜன் பொருத்தி, நகரத்துக்குப் பேசினாள். மலைப்பாதையில் ஒன்றரை மணி நேரம் உயிர் தாங்காது, ஹெலிகாப்டர் அனுப்புகிறோம் என்றார்கள். எஸ்டேட் மைதானத்தை ஆயத்தம் செய்வது சொரிமுத்துவின் பொறுப்பாயிற்று.

அதற்கு அவன் பயிற்சி பெற்றவன். காற்றில் பறக்கக்கூடியவற்றையெல்லாம் அகற்றினான். கோல் போஸ்டின் வலையை அவிழ்த்துச் சுருட்டினான். படுக்கை விரிப்பின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகினான். வண்டியை மைதானத்துக்கு வெளியே நிறுத்தி, சுழல்விளக்கை அணைத்து, கதவுகளைச் சாத்தினான். ஹெலிகாப்டரின் வால்புறம் எவரும் போகலாகாது, விமானி கட்டைவிரல் காட்டும்வரை எவரும் நெருங்கலாகாது என்று கூடியிருந்தவர்களிடம் உரக்கச் சொன்னான். இறங்கும்வரை மைதானத்தின் விளிம்பில் நின்று கண்காணிக்க வேண்டியவனும் அவனே.

கிழக்கே ஓசை கேட்டபோது, வண்டிக்குள்ளிருந்து மெல்லிய குரலில் ஒரு பாட்டு எழுந்தது.

மார்கழி முழுதும் எஸ்டேட் முருகன் கோயிலில் அண்ணன் தம்பி இருவரும் விடியலில் பாடுவார்கள். முதற்பாதி அண்ணனுடையது, மறுபாதி தம்பியுடையது. முப்பது ஆண்டு வழக்கம் அது. உச்சிமாகாளி முதற்பாதியைப் பாடி நிறுத்தினான். கதவைத் திறந்து ரெம்யா எட்டிப் பார்த்தாள்.

“சேட்டா, உங்களத் தேடுறாரு. கையக் கையக் காட்டுறாரு.”

சொரிமுத்து உள்ளே ஏறினான். அண்ணனின் விரல்களைப் பற்றிக்கொண்டு மறுபாதியைப் பாடினான். இரண்டு நிமிடம்கூட ஆகியிராது. இறங்கி வந்தபோது ஓசை அகன்றுகொண்டிருந்தது. பள்ளத்திலிருந்து பொங்கிய மஞ்சு மைதானத்தை மூடிவிட்டது. வேறு வழியின்றிச் சாலையில் இறங்கினார்கள். உடன்பிறந்தான் என்பதற்காக அவன் வேகத்தைக் கூட்டவில்லை. கூட்டியிருந்தால், அண்ணனின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த ரெம்யாவின் கை நிலைத்திராது. ஒன்பதாம் வளைவில் அவள் அழுத்துவதை நிறுத்தி, சன்னலைத் தட்டினாள்.

மாலையில், ஆசுபத்திரி வராந்தாவில் இருந்தபோது, ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கிரீஷ் அழைத்து, மலையாளம் கலந்த தமிழில் பேசினான்.

“சொரிமுத்தண்ணே, சங்கடத்துல இருக்கீங்கன்னு அறியும். இருந்தாலும் சொல்லணும். மஞ்சு வர மூணு நிமிஷம் பாக்கி இருந்தது. பைலட் எறங்கத்தான் வந்தாரு. தாழே ஒரு சேச்சி தலைக்கு மேல துணியக் குறுக்கும் மறுக்கும் வீசினாங்களாம். எறங்காதேன்னுள்ள சிக்னலல்லே அது? கம்பியோ வயரோ இருக்கும்னு நெனச்சு மேல எடுத்துட்டாரு.”

சொரிமுத்து போனை மறு காதுக்கு மாற்றினான்.

“ரிப்போர்ட் எழுதணும். நாளைக்குப் போதும். உடம்ப நீங்களே கொண்டு போங்க, நான் மேல பேசி அனுமதி வாங்கித் தர்றேன்.”

மலையில் பேருந்தை நிறுத்தவும், கொழுந்து ஏற்றும் டிராக்டரை அழைக்கவும் தலைக்கு மேல் துண்டைக் குறுக்கும் மறுக்கும் வீசுவார்கள். ‘வா’ என்பதற்கு லயத்து மக்களிடம், தோட்டத்து வரிசை வீடுகளில் வாழ்பவர்களிடம், வேறு சைகை இல்லை. விடுப்பு முடிந்து சொரிமுத்து இறங்கிப் போகும்போதெல்லாம் பொன்னம்மை வளைவுப் பாறையில் நின்று அவ்வாறே வீசுவாள். மறுபடி வா என்று அதற்குப் பொருள். அவன் ஒருமுறை ஹாரன் அடிப்பான். அந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவன், நெருங்காதீர்கள் என்று சொன்னானேயன்றி, கை வீசாதீர்கள் என்று சொல்ல நினைக்கவில்லை.

இன்று காலை பத்து மணிக்கு உடல் லயத்துக்கு வந்தது. நீராட்டினார்கள், நெற்றி நிறையத் திருநீறு பூசினார்கள். ஓடைக்கு அப்பாலுள்ள சுடலையில் சொரிமுத்து கொள்ளி வைத்தான். பாடச் சொன்னார்கள். முதற்பாதியைத் தொடங்க அவனுக்குத் தெரியவில்லை. அது என்றும் அவனுடையதாக இருந்ததில்லை. கைகூப்பி நின்றுவிட்டு, ஓடையில் முழுகித் திரும்பினான்.

மூன்று மணிக்கு லயத்து முற்றத்தில் எல்லோரும் கட்டன் காப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள். எட்டு மாத வயிற்றைத் தாங்கியபடி பக்கத்து வீட்டுக் கலைச்செல்வி பொன்னம்மையின் தோளில் கை வைத்திருந்தாள்.

“அம்புட்டு தூரம் ஹெலிகாப்டரக் கொண்டாந்து, கடைசில மைதானத்த மட்டும் கண்டுபிடிக்கத் தெரியல பாரு” என்றார் கங்காணி ராஜையன். “இந்த மஞ்சுல ஆட்டுக்குட்டி கூட வீடு வந்து சேருது.”

“அவங்களச் சொல்லிக் குத்தமில்ல அண்ணாச்சி” என்றாள் பொன்னம்மை. அவள் மடியில் அந்தத் துண்டு கிடந்தது. உச்சிமாகாளி தலையில் கட்டும் சிவப்புத் துண்டு. “நான் ஒருத்தி வீசுனேன். மேலேருந்து பாத்தா எம்புட்டுக்குத் தெரியும்? அந்தப் பாறைல ஏறி நின்னு வீசியிருக்கணும். எனக்குத் தோணாமப் போச்சு.”

“விடு மதினி” என்றான் சொரிமுத்து.

“இல்ல முத்து. இவளுக்கு அடுத்த மாசம். ராத்திரியோ பகலோ, ஒண்ணுன்னா அந்த ஹெலிகாப்டரத்தானே கூப்பிடணும்? இனி வந்தா லயத்துல இருக்குற பொம்பள எல்லாரும் ஆளுக்கொரு துண்டெடுத்துட்டு மைதானத்துக்கு வரணும். எல்லாரும் சேந்து வீசணும். கேட்டியாடி கலை?”

“நாப்பது துண்டு வீசுனா கண்ணு தெரியாதவனுக்கும் தெரியும்” என்றார் ராஜையன். பெண்கள் தலையசைத்தார்கள்.

சொரிமுத்து தன் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் வண்டியில் சொன்ன ‘பாக்கல’ என்ற ஒரு சொல் நாற்பது துண்டுகளாகியிருந்தது. கலைச்செல்வி கால்களை நீட்டி, வீங்கிய கணுக்காலை மெல்லத் தடவிக்கொண்டாள்.

“யாரும் வீசக் கூடாது” என்றான்.

“என்னலே?” என்றார் ராஜையன்.

“ஹெலிகாப்டர் வந்தா எல்லாரும் வண்டிக்குப் பின்னால போய் நிக்கணும். கையக் கீழ வச்சுக்கணும். துண்டு, சேலைத் தலைப்பு எல்லாத்தயும் இடுப்புல செருகிக்கணும்.” அவன் குரல் பயிற்சி வகுப்பில் ஒப்பிப்பவனுடையதைப் போலிருந்தது. “தலைக்கு மேல குறுக்க வீசுனா, அவங்க கணக்குல எறங்காதேன்னு அர்த்தம்.”

எவரும் குவளையை வாய்க்குக் கொண்டு போகவில்லை. ராஜையன் எதையோ கேட்க வாயெடுத்து, பொன்னம்மையைப் பார்த்து, தலையைக் குனிந்துகொண்டார்.

“அதப் பாத்துக்க வேண்டியது நான்தான்” என்றான் சொரிமுத்து. “முன்னாலயே சொல்லியிருக்கணும். அந்த நேரத்துல அங்க நிக்கவும் இல்ல. பாட்டுக்குப் போயிட்டேன். ரிப்போர்ட்டுல அப்பிடித்தான் எழுதப் போறேன்.”

பொன்னம்மை துண்டை இரண்டாக மடித்தாள். பின்பு நான்காக. ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்வரை நெடுநேரம் நீவினாள்.

“அப்ப, பாத்துட்டாங்க” என்றாள்.

“ஆமா மதினி.”

“மறுபாதியப் பாடினியா?”

“பாடினேன்.”

“அவுக கேட்டாகளா?”

“கேட்டாரு.”

அவள் எழுந்து உள்ளே போனாள். உள்ளே தகரப்பெட்டியின் மூடி திறந்து மூடும் ஓசை கேட்டது.

ஐந்து மணிக்குள் வண்டியை வித்துராவில் ஒப்படைக்க வேண்டும். சொரிமுத்து படுக்கை விரிப்பை மாற்றினான். பட்டைகளைத் துடைத்து, டயர்களைச் சுற்றி வந்து பார்த்தான். லயத்தை விட்டு இறங்கி, முதல் வளைவை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்தான். கண்ணாடியில் பாறை தெரிந்தது. பொன்னம்மை வந்து நின்றிருந்தாள்.

ஹாரனின் மேல் கையை வைத்துக் காத்திருந்தான்.

அவளுடைய கைகள் இரண்டும் உடலோடு ஒட்டித் தாழ்ந்திருந்தன. சேலைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகியிருந்தாள். கீழிருந்து மஞ்சு ஏறி வந்து பாறையை மறைக்கும்வரை அவள் அசையவில்லை.

சொரிமுத்து முன்விளக்கைப் போட்டு, இரண்டாம் கியருக்கு மாறினான்.