இரணியல் முக்கு வரை

1

இந்தக் கதை என்னுடையதல்ல. கோட்டாறில் நஸீமின் பாத்திரக் கடைக்குக் குக்கர் வளையம் வாங்கப் போன இடத்தில் என் தலையில் கட்டப்பட்டது. "அண்ணாச்சி, நீங்க கதை எழுதுவியளாமே. எனக்கு ஒண்ணு எழுதித் தருவியளா? நடந்தத எழுதாண்டாம். நான் சொல்லிட்டதா எழுதணும்" என்றான்.

(எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. தொடை வலியைப் பற்றி எங்காவது எழுதியிருந்தால் நம்ப வேண்டாம்.)

நடந்தது இது. நஸீமும் இரணியல்காரன் ஷிபினும் கல்லூரிக் காலத்துக் கூட்டாளிகள். காசர்கோட்டிலிருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்கள். அன்று மத்தியானம் ஷிபின் வீடு, மறுநாள் குமரி முனை என்று திட்டம். காலையில் பாறசாலை லாட்ஜில் ஷிபின் குளித்துக்கொண்டிருந்தபோது நஸீமுக்குப் போன் வந்தது. ஷிபினின் தங்கை பிரீனா.

"நஸீம் அண்ணா, அப்பா போயிட்டாவ. நெஞ்சுவலி. அண்ணங்கிட்ட சொல்லாண்டாம், ரோட்டுல வாறவன்லா. சாயங்காலம் அடக்கம். மெதுவா கூட்டிட்டு வாருங்கோ."

எங்கள் பக்கம் இது வழக்கம். வழியில் இருப்பவனிடம் சாவைச் சொல்லமாட்டோம். கல்ஃபிலிருந்து வருகிறவனிடம்கூட 'கொஞ்சம் சீரியஸ்' என்பதோடு நிறுத்திக்கொள்வோம். பஸ்ஸிலும் விமானத்திலும் வருகிறவர்களை வேறு யாரோ ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். தானே மிதித்து வருகிறவனை அந்த வழக்கம் கணக்கில் எடுக்கவில்லை.

2

முதல் தொடக்கம்: "களியக்காவிளை தாண்டியதும் காற்றில் ஈரம்..." வேண்டாம். நான் காற்றை எழுதினால் எதையோ தள்ளிப்போடுகிறேன் என்று பொருள்.

இரண்டாவது: "நஸீம் முன்னால் போனான்." இது நிற்கும். நெடுந்தூரம் போகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒட்டிப் போவார்கள். பின்னால் வருகிறவனுக்கு ரோடு சரியாகத் தெரியாது, முன்னவனின் முதுகுதான் தெரியும். குழியோ மணலோ உடைந்த பாட்டிலோ, முன்னவன் கையை இறக்கிக் காட்ட வேண்டும். இத்தனை நாளும் இருவரும் மாறி மாறி முன்னால் போனார்கள். அன்று நஸீம் முன்னிடத்தை விடவேயில்லை. அவன் முகம் ஷிபினுக்குத் தெரியக்கூடாது.

மார்த்தாண்டத்தில் ஷிபின் கத்தி நிறுத்தினான். பாலத்துக்கு அடியில் டீ.

"எதுக்குலே சைக்கிள இந்தச் சவுட்டு சவுட்டுத? உம்மா பிரியாணி வச்சிட்டு நிக்காவளா?"

"வெயிலு ஏறும்லா."

"ஏறட்டும். போற வழியில பத்மநாபபுரம் அரண்மனையைப் பாத்துட்டுப் போலாம் மக்கா. பக்கத்துல கெடந்தும் நான் உள்ள போனதில்ல."

3

இங்கேதான் நஸீமைப் பேச வைக்க வேண்டும். எழுதிப் பார்த்தேன்.

"மக்கா, ஒரு காரியம் சொல்லணும். உங்க அப்பா..."

சொன்னால் ஷிபின் ஆட்டோ பிடிப்பானா? மாட்டான். லாரிகளுக்கு நடுவே கண்ணீரோடு மிதிப்பான். பிரீனா பயந்ததும் அதற்குத்தான். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

(நஸீம் வெறும் கோழையோ என்று ஓர் இடத்தில் சந்தேகம் வந்தது. அவனிடமே கேட்டேன். "அவன் சிரிச்சிட்டு இருந்தான் அண்ணாச்சி. இன்னும் கொஞ்ச நேரம் சிரிக்கட்டும்னு வச்சேன்." சந்தேகத்தை அடித்துவிட்டேன்.)

அரண்மனை வேண்டாம் என்று எப்படியோ சொல்லிச் சமாளித்துப் புறப்பட்டார்கள்.

4

எல்லோரும் ஒன்றை மறந்துவிட்டார்கள். எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் பெட்டி வருவதற்குள் ஃபிளெக்ஸ் வந்துவிடும். சபை வாலிபர்கள் பாசத்தில் செய்வது. தக்கலையில் இரணியலுக்குத் திரும்பும் முக்கில், கரண்டு கம்பத்தில், ஆள் உயரத்துக்குக் கட்டியிருந்தார்கள். கோட்டுப் போட்டபடி ஷிபினின் அப்பா ரசலையன். 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.' கீழே, வீட்டுக்கு வழிகாட்டும் அம்புக்குறி.

நஸீம்தான் முதலில் பார்த்தான். கத்தியிருக்கலாம். சைக்கிளைக் குறுக்கே போட்டிருக்கலாம். ஆனால் அவனுடைய இடது கை தானாக இறங்கி, குழியைக் காட்டுவதுபோல, அந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டது. ஷிபின் கை காட்டிய இடத்தைப் பார்த்தான்.

சைக்கிளிலிருந்து இறங்கி ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"நீ காலையிலயே அறிஞ்சியா?"

நஸீம் தலையாட்டினான்.

ஷிபின் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு யாருடைய பைக்கிலோ ஏறிப் போனான். கல்லறைத் தோட்டத்தில் நஸீம் மதில் ஓரமாக நின்றான். ஷிபின் அவன் பக்கம் திரும்பவில்லை. அதற்குப் பிறகு போனும் எடுக்கவில்லை. குமரி முனைக்கு இருவருமே போகவில்லை.

5

முடிவுகள்.

(அ) ஃபிளெக்ஸை எடுத்துவிடுகிறேன். "முக்கில் ஒன்றும் இல்லை." அப்படியானால் வீட்டு வாசலில் பந்தல் இருக்கும். அதே கேள்வியைக் கொஞ்சம் தள்ளிக் கேட்பான்.

(ஆ) ஷிபின் முன்னால் போகிறான், நஸீம் பின்னால்... இது தந்திரம். விட்டுவிட்டேன்.

(இ) நஸீம் மார்த்தாண்டத்தில் சொல்லிவிடுகிறான். அவன் கேட்ட முடிவு. நன்றாகவே எழுதிக் கடைக்குக் கொண்டுபோனேன். வாசித்தான். "இது நான் இல்ல அண்ணாச்சி" என்று திருப்பித் தந்தான். அவன் அழுதான். எனக்கும் தாங்கவில்லை.

ஆகவே நடந்ததையே எழுதிவிட்டேன். பெயர்களை மாற்றட்டுமா என்று கேட்டதற்கு, "மாத்தினா அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

6

மற்றவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளலாம். இனி ஷிபினோடு மட்டும் பேச வேண்டும்.

தம்பி, உன் அப்பா முகத்தைக் கம்பத்தில் பார்க்க நேர்ந்தது கொடுமை. அதை நியாயப்படுத்த நான் இதை எழுதவில்லை. நீ கேட்டாய், அவன் தலையைத்தான் ஆட்டினான். வாயால் சொல்ல வேண்டியது இன்னும் அவனிடம் இருக்கிறது. அதை நான் எழுதினால் அவன் சொன்னதாகாது. உன் சைக்கிள் அவன் கடைக்குப் பின்னால் நிற்கிறது. வாரம் தவறாமல் காற்று அடித்துவைக்கிறான். கடை தினமும் உண்டு, வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் தொழுகைக்காக அடைத்திருக்கும்.