சாராளுக்குக் கிடைத்த நாற்காலி

கிருஷ்ணகிரிக்கு வெளியே இருந்த மாங்கூழ் ஆலையில் காலை ஷிப்டு தொடங்கியதும் நாராயணம்மாவின் கண் முதலில் சாராள் பக்கம்தான் போகும். மற்ற பெண்கள் நின்றுகொண்டே பழம் கழுவி, கூடை தூக்கிக்கொண்டிருக்க, சாராள் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து அழுகல் பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருப்பாள். சர்க்கரை நோய், நடந்தாலே மூச்சு வாங்குகிறது என்று சொல்லி வாங்கிய சலுகை அது.

இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். சம்பளமும் ஒன்றுதான். தன் இடுப்பு ஒடிகிற நேரத்தில் அவள் மகாராணிபோல உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பார்க்க நாராயணம்மாவுக்கு வயிறு எரிந்தது.

"சக்கர யாருக்குதான் இல்ல? நெஞ்சு வலியா ஒண்ணா? எல்லாம் நடிப்பு சார். நேத்து பஸ் புடிக்க எப்படி ஓடுனா தெரியுமா?" என்று சூப்பர்வைசர் மணியிடம் போட்டுக்கொடுத்தாள். ஓடினாள் என்பது பொய்.

மணி நம்பிவிட்டார். மறுநாள் சாராள் கூடை தூக்கினாள். நாராயணம்மாவுக்கு மனசு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி மதியம்வரைகூட நிற்கவில்லை. படியேறும்போது சாராள் மூச்சுத் திணறி, சுவரைப் பிடித்தபடியே சரிந்தாள். அவள் கால்கள் இரண்டும் வீங்கியிருந்ததை நாராயணம்மா அப்போதுதான் பார்த்தாள். பதறிப்போய் ஆட்டோவில் அவளைத் தாங்கிப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

பரிசோதனைகள் முடிந்ததும் டாக்டர் சொன்னார்: "ரத்தக் குழாய்ல அடைப்பு இல்லம்மா. பல வருஷமா கட்டுப்படாத சர்க்கரை இதயத் தசையையே கெடுத்திருக்கு. தசை விறைச்சு, ரத்தத்தத் தள்ளுற பலம் கொறஞ்சுபோச்சு. இதுக்கு நெஞ்சு வலி வரணும்னு இல்ல. மூச்சு வாங்கும், கால் வீங்கும். பொழைச்சுக்கிட்டாங்க. இனி மாத்திரைய விடக்கூடாது, பாரம் தூக்கக் கூடாது."

கட்டிலருகே நாராயணம்மா அழுதுகொண்டு நின்றாள். "நான்தான் சாராளு உம்மேல பொய் சொன்னேன். நீ உக்காந்திருக்கறதப் பாத்து பொறாம."

சாராள் தலையணையில் சாய்ந்தபடியே அவளைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "நான் என்ன ஆசப்பட்டா உக்காந்தேன்? நின்னு வேல செய்யற உன்னப் பாத்து நான்தான் தெனமும் பொறாமப்பட்டேன்."

மறுநாள் நாராயணம்மா மணியிடம் உண்மையைச் சொன்னாள். "அவ திரும்பி வந்தா மறுபடியும் உக்காந்த வேலதானா?" என்று பெண்களில் ஒருத்தி முணுமுணுத்தபோது, பழம் கழுவிக்கொண்டிருந்த நாராயணம்மா ஈரக் கையை உதறிவிட்டுத் திரும்பினாள்.

"வெளிய தெரியலன்னா நோவே இல்லன்னு நெனைக்காதீங்கடி. சக்கர சத்தமில்லாம நெஞ்சத் தின்னுது. மூச்சு வாங்குனா களைப்புன்னு வுட்டுடாம டாக்டரப் போயிப் பாருங்க. அந்த நோவுக்காவது மருந்து இருக்குது. நோயாளியப் பாத்துப் பொறாமப்படறமே, அத நாமளேதான் வுட்டொழிக்கணும்!"