டோரதி எடுத்துத் தந்த இறக்கை

பொங்கல் விடுமுறைக்கு முந்தின நாள், விரலில் ஒட்டியிருந்த வார்னிஷை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த டோரதி சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை எனக்கு முதல் ஓலை வாசிக்கிறாங்க. பூசைக்கு வருவீங்கல்ல?"

"யாருக்கு?" என்று கேட்டேன். காதில் விழாமல் இல்லை.

"எனக்குத்தாங்க. மாப்பிள்ளைக்கு ஊட்டிப் பக்கம் வேலை. விபூதிப் புதன் இந்த வருஷம் சீக்கிரம் வருதுல்ல, தவக்காலம் தொடங்கிட்டா கல்யாணம் வைக்க மாட்டாங்க. அதுக்கு முன்னாடியே முடிச்சிடுறாங்க."

"சந்தோஷம்" என்றேன். பிறகு வழக்கம்போல் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போனேன். கொடுத்த பக்கத்தை ஒரு பிழைகூட இல்லாமல் அடித்தேன். மற்ற நாட்களில் ஐந்தாறு பிழையாவது வரும். என் விரல்களுக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

எங்கள் கோயிலில் கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடியும். யாரும் போய்த் தெரிவித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஒருவன் அந்தப் பெண்ணை இரண்டு வருஷமாக மனதில் வைத்திருக்கிறான் என்பது தடையில் சேருமா? சேராது. ஆனாலும் மூன்றாம் ஓலைக்குள் டோரதியிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அவள் என்ன பதில் சொல்வாள் என்று யோசித்துப் பார்த்தேன். யோசிக்க யோசிக்கப் பதில் மாறிக்கொண்டே இருந்தது.

நாங்கள் வேலை செய்த இடம் மேலச்சிந்தாமணியில், காவிரிப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை. ஜன்னல் வழியாக அக்கரையில் ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரம் தெரியும். அங்கே உட்கார்ந்துகொண்டு நாங்கள் இங்கிலாந்துக்குப் பூச்சி கட்டினோம். சொன்னால் சிரிப்பார்கள் என்று வகுப்பில் நான் யாரிடமும் சொன்னதில்லை. டிரவுட் என்று ஒரு குளிர்தண்ணீர் மீன். நீர்மேல் வந்து உட்காரும் பூச்சிகளைத் தின்னும். தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றி அந்தப் பூச்சியைப் போலவே செய்து மிதக்கவிட்டால், ஏமாந்து கவ்வும். மிதக்காத பூச்சி குப்பை என்பார் எங்கள் முதலாளி இருதயநாதன் சார். எங்களில் யாரும் அந்த மீனைப் பார்த்ததில்லை. சார் மட்டும், ஊட்டியில் ஒரு கிளப்பில் வேலை பார்த்தபோது, வறுத்துத் தட்டில் வைத்துப் பார்த்திருக்கிறார்.

எங்களோடு வேலை செய்த ஹனீஃபா, காந்தி மார்க்கெட்டிலிருந்து சேவல் கழுத்துத் தோல்களை வாங்கி வந்து, சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து, இறகுகளை அளவுவாரியாகப் பிரிப்பான். முள்ளில் வாலும் உடம்பும் அவன் வேலை. உடம்புக்கு மயில் பீலியின் ஈர்க்கு. ரோமத்தை நகத்தால் உரித்துவிட்டுச் சுற்றினால் பூச்சி வயிறு போலவே வரி வரியாக வரும். அடுத்து டோரதி இறக்கை வைப்பாள். வாத்து இறகிலிருந்து நறுக்கிய இரண்டு சிறு துண்டுகள். ஒன்று வாத்தின் இடது இறக்கையிலிருந்தும் மற்றது வலது இறக்கையிலிருந்தும் வர வேண்டும். அப்போதுதான் இரண்டும் எதிரெதிராக வளைந்து நிமிர்ந்து நிற்கும். ஒரே பக்கத்தில் எடுத்தால் இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்துவிடும். இடதுக்கு ஒரு டப்பா, வலதுக்கு ஒரு டப்பா. டோரதி பார்க்காமலே எடுப்பாள்.

இறக்கை வைத்ததை என் பக்கம் நீட்டுவாள். நான் அதை வைஸ் என்ற சின்ன இடுக்கியில் மாட்டி, சேவல் கழுத்து இறகை இறக்கைக்குப் பின்னும் முன்னும் சுற்றுவேன். இழைகள் சக்கரத்து ஆரங்களாக விரிந்து நிற்கும். மெழுகு தடவிய பட்டு நூலால் தலையை முடிந்து ஒரு சொட்டு வார்னிஷ். மேஜைமேல் போட்டால் வாலையும் இழை நுனிகளையும் ஊன்றிப் பூச்சி நிற்க வேண்டும். நின்றால் மிதக்கும்.

இப்படி இரண்டு வருஷம் அவள் கொடுத்ததை நான் முடித்தேன். என் மனது அவளுக்குத் தெரியும் என்று ஒரு நாள் தோன்றும். அது வெறும் நினைப்பு என்று மறுநாள் தோன்றும்.

முதல் ஓலை வாசித்து முடிந்தது. டோரதி, அமிர்தராஜ் என்று இரண்டு பெயர்களைச் சேர்த்துக் கேட்டேன். அதற்கு அடுத்த நாள் லண்டனிலிருந்து ஒரு கவர் வந்தது. பஞ்சில் சுற்றி ஒரே ஒரு பூச்சி. இதே போல் ஒரு டஜன் கட்டி அனுப்புங்கள், சரியாக இருந்தால் வருஷம் முழுக்க ஆர்டர் தருகிறோம் என்றிருந்தது. சார் அதை என்னிடம் கொடுத்தார். "நீதாம்ப்பா நிதானமா பாப்பே."

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரே ஒரு இறக்கை. கழுத்து இழைகள் மேல்பக்கம் நீளமாகவும் அடியில் குட்டையாகவும் இருந்தன.

டோரதி குனிந்து பார்த்தாள். "ஒரு இறக்கை விழுந்திருக்குங்க."

"மாதிரின்னு அனுப்பியிருக்காங்க. விழுந்ததையா அனுப்புவாங்க?"

"ஒத்தை இறக்கையில எந்தப் பூச்சிங்க பறக்கும்?"

"சீமைப் பூச்சி அப்படித்தாம்மா இருக்கும்" என்றான் ஹனீஃபா. "ஒரு கையால பறக்கும். இன்னொரு கையில குடை பிடிச்சிருக்கும்."

டோரதி சிரித்தாள். ஆனால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு என் கண்மேல் நம்பிக்கை கிடையாது. அதனால் மாதிரியை நம்பினேன். "உள்ளபடியே கட்டுவோம்" என்றேன். அவள் இடது டப்பாவிலிருந்து மட்டும் இறகெடுத்து ஒற்றை இறக்கையாக வைத்துக் கொடுத்தாள்.

அந்த வாரம் முழுவதும் நான் கட்டிய ஒவ்வொன்றும் மேஜைமேல் விட்டதும் ஒரு பக்கம் சாய்ந்தது. இழையைக் கூட்டினேன். வாலை அகட்டினேன். தப்பு என் கையில்தான் இருக்கும் என்று பிரித்துப் பிரித்துக் கட்டினேன். இடையில் இரண்டாம் ஓலையும் வாசித்தார்கள். இதை முதலில் நிற்கவைத்துவிடுவோம், பிறகு அவளிடம் பேசுவோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை அமிர்தராஜ் வந்தார். கையில் ஊட்டி வர்க்கிப் பொட்டலம். குளிரில் வெடித்த கன்னம். அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சு பொரிக்கவைக்கும் பண்ணையில் வேலை என்று சொன்னதும் சார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"அப்ப நிஜ மீனைப் பார்த்தவரா நீங்க?"

"தினமும் தீனி போடுறேங்க. கட்டிக்கப்போறவ கைய விட அதுங்க வாயத்தான் நல்லாத் தெரியும்." சொல்லிவிட்டு டோரதியைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். ஹனீஃபா விழுந்து விழுந்து சிரித்தான்.

வைஸுக்குப் பக்கத்தில் இருந்த மாதிரியை அமிர்தராஜ் எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பினார்.

"இது மீன் வாய்க்குள்ள போயிட்டு வந்ததுங்க. வார்னிஷ்ல பல்லு கீறின கோடு பாருங்க. ஒரு இறக்கையப் பிச்சிருக்கு. அடியில இழையையும் அரைச்சிருக்கு."

சார் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட ஆண்டவரே! எவனோ தொப்பியில குத்தி வச்சிருந்ததைப் பிடுங்கி அனுப்பியிருக்கான்!"

"அப்ப நம்ம செபஸ்தி ஒரு வாரமா மீன் கடிச்ச பூச்சியைக் கட்டியிருக்கான்" என்றான் ஹனீஃபா. "மீனுக்கு வேலையே மிச்சம் வைக்கலை!"

எல்லோரும் சிரித்தோம். டோரதி வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். முதலில் நிறுத்தியவர் அமிர்தராஜ்தான். நான் கட்டிய ஒற்றை இறக்கைப் பூச்சி ஒன்றை எடுத்து மாதிரிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "என்னமா கட்டியிருக்காருங்க. பல்லுத் தடம் ஒண்ணுதான் பாக்கி" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அவரை வெறுக்க ஒரு காரணம் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று அன்று முழுவதும் தேடினேன். வர்க்கிகூட ருசியாக இருந்தது.

மறுநாளே இரண்டு இறக்கை வைத்து ஒரு டஜனும் முடித்தோம். எல்லாம் நின்றன. ஆர்டர் வந்துவிடும் என்று சார் சொன்னார். 

சனிக்கிழமை டோரதிக்குக் கடைசி நாள். சார் பார்சலோடு தபாலாபீசுக்குப் போயிருந்தார். ஹனீஃபா மார்க்கெட்டில் இருந்தான். அன்றுதான் மேட்டூர் அணையை மூடியதாகப் பேப்பரில் போட்டிருந்தது. நாங்கள் இருவரும் பழைய ஆர்டருக்கான பூச்சிகளைப் பேசின் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"டோரதி, ஒண்ணு சொல்லணும். சொல்லி எதுவும் ஆகப்போறதில்லன்னு தெரியும்."

"சொல்லுங்க."

"உங்களைக் கட்டிக்கணும்னு எனக்கு ஆசை இருந்துச்சு." கொஞ்சம் பொறுத்து, "இருக்கு" என்றேன்.

அவள் பேசினிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விரல் நுனியால் ஒரு பூச்சியை மெல்ல ஓரத்துக்குத் தள்ளினாள்.

"போன வருஷம் கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பேன்" என்றாள். "இப்பக் கேட்டா முடியாதுன்னுதான் சொல்லணும். ஓலை வாசிச்சாச்சேன்னு இல்ல. எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. ரெண்டும் நெஜம், செபஸ்தியான்."

அவள் ஓரத்துக்குத் தள்ளிய பூச்சியை எடுத்துத் துணியில் வைத்தேன்.

"ஒரு இறக்கை விழுந்திருக்குன்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல? கேட்டீங்களா?" குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உங்களை நம்பாம இல்லீங்க. என்னையே நான் நம்பலை."

"தெரியும். அதைப் பார்த்துக்கிட்டே எதிர்ல ஒருத்தி எத்தனை நாளுங்க உக்காந்திருக்கிறது?"

முந்தானையில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். கண்ணைத் துடைக்கவில்லை. அவள் அழுவாள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

கீழே தெருவில் ஸ்ரீரங்கம் பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு பாலத்தில் ஏறியது. சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. "அவருக்கு ஒரு பூச்சி கட்டித் தரேன்" என்றேன். "நல்லதா ஒண்ணு. இறக்கை நீங்க வச்சுக் குடுங்க."

வாலையும் உடம்பையும் நானே கட்டினேன். பீலி ஈர்க்கைச் சுற்றும்போது ஒரு வரிகூடக் கோணவில்லை. முள்ளை அவளிடம் கொடுத்தேன். டோரதி டப்பாக்களிலிருந்து இறகெடுத்து நறுக்கி, இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்தாள். வழக்கமாக உடனே கட்டிவிடுவாள். இந்த முறை கை அப்படியே நின்றது. குனிந்து பார்த்தேன். இரண்டும் ஒரே பக்கம் வளைந்திருந்தன. இரண்டுமே இடது.

நான் அவள் விரல்களிலிருந்து ஒன்றை உருவி எடுத்தேன். வலது டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் டப்பாவுக்குள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு இறகை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சரிபார்த்து நறுக்கினாள். இரண்டு இறக்கைகளும் எதிரெதிராக நிமிர்ந்து நின்றன. என் பக்கம் நீட்டினாள். நான் முடித்தேன்.

மேஜைமேல் விட்டேன். நின்றது. பேசினில் விட்டேன். அதன் இழைகள் தண்ணீரைக் குழித்துக்கொண்டு நின்றன, உடம்பு நனையவே இல்லை. அதைவிட நல்லதாக ஒன்றை நான் கட்டியதில்லை. டோரதி அதை ஊதிக் காயவைத்து, ஒரு காலித் தீப்பெட்டியில் பஞ்சு விரித்து உள்ளே வைத்தாள்.

"போயிட்டு வரேன்" என்றாள்.

"சரிங்க" என்றேன்.

மறுநாள் பாலக்கரைக் கோயிலில் மூன்றாம் ஓலை. கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் நின்றேன். தடை ஏதும் அறிந்தவர்கள் என்ற இடம் வந்ததும் சாமியார் நிறுத்தினார். இருமிவிட்டுக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடித்து, அடுத்த ஜோடியின் ஓலையை எடுத்தார். நான் கட்டைவிரலில் காய்ந்திருந்த வார்னிஷை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அமிர்தராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துத் திறந்தார். கொஞ்சம் தள்ளி, டோரதி தலையில் முக்காட்டோடு யாரோ ஒரு அம்மாளிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து கட்டினீங்களாமே, டோரதி சொல்லுச்சு. இதைத் தண்ணியில போட எனக்கு மனசு வரலைங்க" என்றார். "மீன் ஒரு கடி கடிச்சா இறக்கை போயிடும். வீட்ல கண்ணாடி போட்டு மாட்டி வச்சிடலாம்னு பாக்குறேன்."

ஒரு வீட்டுச் சுவரில், தினமும் அவள் கடந்து போகிற இடத்தில், கண்ணாடிக்குள் அது இருப்பதை நினைத்துப் பார்த்தேன்.

"மாட்ட வேணாங்க" என்றேன். "தண்ணியில போடுங்க. அதுக்குத்தான் கட்டினது."

"முங்கிடாதே?"

"முங்காது" என்றேன். இந்த ஒன்றில் மட்டும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. 

அமிர்தராஜ் தீப்பெட்டியை மூடிப் பையில் வைத்துக்கொண்டு அவளிடம் போனார்.