ஒரு ஜோடி மஞ்சள் விளக்கு

இருபத்து மூவாயிரத்து நானூறு. லாரிக்காரருக்கு அவர் மச்சினன் தர வேண்டிய பாக்கி அது. கடைக்கு ஷட்டர் போட்டபோது வாங்கியது, இரண்டு வருஷமாக "அடுத்த மாசம் மச்சான்" என்ற பேச்சிலேயே ஓடிக்கொண்டிருந்தது. கேட்கப் போனால் டீ வரும், பணம் வராது.

மச்சினனை எல்லோரும் பியூஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் மெயின் பெட்டிக்குள் கம்பியை விட்டுத் தெருவையே இருட்டாக்கியவன், வளர்ந்து வண்டிகளுக்கு விளக்கு மாட்டும் கடை வைத்தான்.

இந்த முறை லாரிக்காரர் பணம் கேட்க வரவில்லை. பணத்துக்குப் பதில் விளக்காகவே வாங்கிக்கொள்வது என்று வந்திருந்தார்.

சுரங்கத்துக்கு டீசல் பீப்பாயும் இயந்திர உதிரிகளும் ஏற்றிப் போகும் பழைய லாரி அவருடையது. நாலு சக்கரமும் இழுக்கும். தார் முடிகிற இடத்திலிருந்து மலையைச் சுற்றி மண் பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றும் கிடையாது. போன வாரம் பொழுது சாயும் நேரத்தில் எதிரே வந்த வண்டியின் விளக்கு அவர் கண்ணுக்குள் வெடித்துப் பரவியது. வண்டி கடந்து போன பிறகும் முன்னால் ஒன்றும் தெரியவில்லை. பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தார். முன் சக்கரம் பாதி மண்ணில் இருந்தது, பாதி காற்றில் இருந்தது. மறுபடி ஏறி, வண்டியை அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு எடுத்தார்.

வீட்டில் மூச்சு விடவில்லை. வண்டியில் வெளிச்சம் போதவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். நல்ல விளக்காகப் போட்டால் சரியாகிவிடும். சரியாகாவிட்டால்? அந்தப் பக்கம் அவர் மனசைப் போக விடவில்லை. ஸ்டீயரிங்கை விட்டால் அந்தக் கைகளுக்கு வேறு வேலை தெரியாது.

"உள்ளதுலயே பெருசு எதுடா?" என்றார்.

"விளக்குலயா, விலையிலயா?"

"ரெண்டுலயும்தான். பாக்கியில கழிச்சுக்கோ."

பியூஸின் முகத்தில் அப்போதே ஒரு பல்பு எரிந்தது. கையிலிருந்து காசு போகாமல் கடன் அடைகிறதென்றால் யாருக்குத்தான் கசக்கும்? ஆனாலும் தொழில் புத்தி அவனை விடவில்லை.

"கூரை மேல வைக்கிற நீளப் பட்டை விளக்கு ஒண்ணு இருக்கு. போட்டா பகல் தோத்துப் போகும். ஆனா மச்சான், உங்க பாதை முழுக்கப் புழுதி. மேல இருந்து வெள்ளையா அடிச்சீங்கன்னா, புழுதியில பட்டு வெளிச்சம் உங்க மூஞ்சிக்கே திரும்பும். பானெட்டும் சேர்ந்து பளபளக்கும். பம்பர்ல தாழ்வா, அகலமாப் பரவுற மாதிரி ஒரு ஜோடி மஞ்சள் போதும்."

"மஞ்சளாவது பச்சையாவது. எனக்கு வெளிச்சம் வேணும்."

"வாயால சொன்னா நம்ப மாட்டீங்க. உள்ள வாங்க."

விளக்கு வாங்க யார் வந்தாலும் அவன் காட்டுகிற வேடிக்கை அது. ஷட்டரை இறக்கிவிடுவான், நடுப்பகல் இருட்டாகிவிடும். பின்சுவரில் கரியால் குழியும் கல்லும் வளைவுமாக ஒரு பாதை வரைந்து வைத்திருந்தான். காலி சிமென்ட் சாக்கைத் தடியால் நாலு சாத்து சாத்தினான். அறை முழுக்கத் தூசி எழும்பியது. பேட்டரியில் மாட்டியிருந்த இரண்டு விளக்குகளையும் ஒன்றாகப் போட்டான்.

"எந்தப் பக்கம் சுவர் நல்லாத் தெரியுது, சொல்லுங்க."

லாரிக்காரர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். இரண்டு விளக்கைச் சுற்றியும் முள் முளைத்த மாதிரி கதிர் குத்திக்கொண்டு நின்றது.

"ஏண்டா, ரெண்டும் ஒரே மஞ்சள்தானே? ஒரே சரக்கை ரெண்டு விலைக்கு விக்கிறியா?"

பியூஸ் வாய்விட்டுச் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

"மச்சான், இடது பக்கம் இருக்கிறது சுத்த வெள்ளை."

அவர் மறுபடி பார்த்தார். மஞ்சளாகத்தான் இருந்தது. எப்போதிருந்து எல்லாம் இப்படி அழுக்கு மஞ்சளாகத் தெரிகிறது என்று யோசித்தார். பிடிபடவில்லை.

"சுவர்ல என்ன வரைஞ்சிருக்கேன்?"

"சுவர்ல என்ன இருக்கும், சுண்ணாம்புதான் இருக்கும். பட்டையை எடுடா, நான் கிளம்பணும்."

"தர மாட்டேன்."

"கடன்காரப் பயலே! என் பணத்தை வெச்சுக்கிட்டு எனக்கே சரக்கு இல்லைங்கிறியா?"

"கடன்காரன்தான். இல்லேன்னு சொன்னேனா? குருடனுக்கு விளக்கு வித்துட்டு நாளைக்கு அக்கா முன்னாடி எந்த மூஞ்சியோட போய் நிக்கிறது?"

அந்தச் சொல் அவரைச் சுட்டது. திரும்பி ஷட்டரில் கை வைத்தார். ஆனால் தூக்கவில்லை. இருட்டில் முகம் தெரியாதது வசதியாக இருந்தது.

"போன வாரம் ஓரத்துக்குப் போயிட்டேன்டா," என்றார் மெதுவாக. "உங்க அக்காளுக்குத் தெரியாது."

பியூஸ் விளக்குகளை அணைத்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா ஓட்டக் கூடாதுன்னு எழுதிடுவாங்க. அப்புறம் நான் எதுக்கு ஆவேன்?"

"எழுதினா எழுதட்டும். மேல போய்ச் சேர்ந்துட்டா மட்டும் ஓட்டவா போறீங்க?"

மறுநாளே பியூஸ் அந்த நீளப் பட்டையை வாங்கிய விலைக்கும் கீழே விற்றுத் தள்ளினான். கடையிலிருந்த வேறு சில சாமானும் போயிற்று. கண்ணில் புரை என்றார் டாக்டர், இரண்டிலும் முற்றியிருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக அறுத்துச் சரிசெய்தார்கள். பதினேழாயிரம் ஆனது. பியூஸே கட்டினான். விஷயம் தெரிந்த அன்று மனைவி புருஷனையும் தம்பியையும் ஒரே பாயில் உட்கார வைத்துத் திட்டினாள். லாரி அதுவரை தூசி படிந்து நின்றது. இனி ஓட்டலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவர் சாவியைத் தொட்டார்.

நேரே கடைக்கு வந்தார். ஷட்டர் இறங்கியது. சாக்கு அடி வாங்கியது. விளக்குகள் எரிந்தன.

வெள்ளை, பால் மாதிரி புழுதியில் ஊறி ஒரு சுவராக நின்றது. மஞ்சளுக்குப் பின்னால் குழியும் கல்லும் வளைவும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. வளைவு முடிகிற இடத்தில் ஒரு சின்ன லாரிகூட வரைந்திருந்தான். அவர் கிட்டே போய் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். இத்தனை நாளும் அந்தச் சுவர் அங்கேயேதான் இருந்திருக்கிறது.

"மஞ்சளையே மாட்டு. தாழ்வா வை," என்றார். "லாரி வரைஞ்சிருக்கியே, அது என்னடா, எருமை மாதிரி இருக்கு?"

"கண்ணு வந்ததும் குத்தம் சொல்ல ஆரம்பிச்சாச்சு." பியூஸ் ஸ்பானரை எடுத்துக்கொண்டு பம்பருக்கு முன்னால் உட்கார்ந்தான். "கணக்கைக் கேட்டுக்குங்க. ஆஸ்பத்திரி போக என் பாக்கி ஆறாயிரத்து நானூறு. ஜோடி விலை ஏழாயிரம். நீங்கதான் எனக்கு அறுநூறு தரணும்."

"அன்னிக்கு என்னைக் குருடன்னு சொன்னே இல்ல?"

"சொன்னேன்."

"அதுக்கு அறுநூறு. நேர் ஆச்சு, போ."

 பியூஸ் தலையை ஆட்டிவிட்டு, நட்டை இறுக்க ஆரம்பித்தான்.