மட்டம் சரியாக இருந்த கியர் எண்ணெய்

1

மலேசியாவின் யோங் பெங் ஊரில் என் கார் மக்கர் செய்த நாளில், பட்டறைக்காரர் ஒருவர் சிமெண்டுத் தரையிலிருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். ஏன் என்று கேட்கத் துணிவு வரவில்லை. கேட்டிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். கறை உண்மை, மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: ‘மழை ஓய்ந்த காலையில் அந்த லாரி ஒரு யானையைப் போல...’

(வேண்டாம். யானை பாவம்.)

இரண்டாவது: லாரி போன திசையையே பார்த்தபடி நின்றான் யுகேந்திரன்.

இது போதும். பட்டறை அவனுடையது. சற்று முன்புதான் மச்சான் அர்ச்சுனனின் லாரியை, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்ற பெக்கோக்குக்கு அனுப்பிவைத்தான். கியர் இறுக்குகிறது என்று அர்ச்சுனன் சொன்னதும், கியர்பெட்டியின் பக்கத் திருகைக் கழற்றி விரலை விட்டான். எண்ணெய் துளை விளிம்புவரை நின்றது. கருகல் வாடை இல்லை.

“மினியாக் ஓகே லா மச்சான், எண்ணெ மட்டம் சரியா இருக்கு, போலாம்.”

அம்மா வீட்டுக்குப் போக அண்ணனோடு ஏறி உட்கார்ந்திருந்த யோகேஸ்வரி, யுகேந்திரனின் மனைவி, தலையை நீட்டினாள்.

“நல்லா பாத்தீங்களா?”

“நான் பாக்காததா? பேசாம உக்காரு.”

3

லாரி நகர்ந்த இடத்தில் தட்டகலக் கறை. தொட்டு முகர்ந்தான். கியர் எண்ணெய்தான். (என்ஜின் எண்ணெய்க்கு அந்த அழுகல் நாற்றம் வராது.)

இவ்வளவு ஒழுகியும் மட்டம் எப்படிக் குறையவில்லை?

நேற்று ஆயுத பூசை. அவனே பம்புக் குழாயைப் பிடித்து, சந்து பொந்து விடாமல் லாரியைக் குளிப்பாட்டியிருந்தான். கியர்பெட்டியின் தலையில் காற்றுப் போக ஒரு துளை உண்டு. அதன் மூடி எப்போதோ தொலைந்துவிட்டது. பொட்டு வைத்த வண்டியை மறுநாள்தான் கிளப்புவது அவர்கள் வழக்கம். உள்ளே போன தண்ணீர் ராத்திரி முழுக்க அடியில் தங்க, மிச்ச எண்ணெய் மேலே மிதந்து, ஒழுகிய குறையை மறைத்தது. அவன் விரல் தொட்டது அந்த மேல் எண்ணெயைத்தான். அடித்திருகைத் திறந்திருந்தால் முதலில் தண்ணீர் கொட்டியிருக்கும்.

இப்போது ஓட ஓட இரண்டும் கலந்து தே தாரிக் பால்தேநீர் நிறத்தில் நுரைத்துக்கொண்டிருக்கும். பல்சக்கரங்களுக்கு வழுக்கல் போய்விடும். பாரத்தோடு இறக்கத்தில் வரும்போது கியர் விழாவிட்டால், பிரேக்கை மட்டும் நம்ப வேண்டியதுதான்.

4

முந்தைய வரைவில் யோகேஸ்வரி லாரியில் இல்லை; வீட்டில் இருந்தாள். நான்தான் ஏற்றிவிட்டேன். அர்ச்சுனன் ஓட்டும்போது கைபேசியைத் தொடமாட்டான், அவனை எட்ட ஓர் ஆள் வேண்டுமே என்று.

(பொய். யுகேந்திரன் இன்னும் நன்றாகப் பயப்பட வேண்டும் என்றுதான் ஏற்றினேன். இப்போது எனக்கே பயமாக இருக்கிறது. இறக்கிவிடலாம். இறக்கினால் லாரியில் சேதி சொல்ல யாருமில்லை.)

5

முடிவு அ: வழியிலேயே கியர் இறுகி லாரி தானாக நின்றுவிடுகிறது. அர்ச்சுனன் திட்டுகிறான், எல்லோரும் சிரிக்கிறார்கள். நானே நம்பமாட்டேன்.

முடிவு ஆ: ‘இறக்கத்தில், லாரிக்கு முன்னால், ஒரு மோட்டார் சைக்கிளில் தகப்பனும் பிள்ளையும்...’

கை ஓடவில்லை.

யுகேந்திரன் கைபேசியில் மனைவியின் பெயர்வரை போய் நின்றான். இன்னும் பாரம் ஏற்றியிருக்க மாட்டார்கள், பெக்கோக் போய்ச் சேர்ந்ததும் சொல்லலாம் என்று ஒரு மனம் சமாதானம் சொல்லிற்று. வெட்கமாக இருந்தது. ஆனாலும் அழுத்திவிட்டான்.

“என்னங்க?” லாரி இரைச்சலுக்கு நடுவே அவள் குரல்.

“ஒண்ணுமில்ல... சாப்டியா?”

“சாப்ட்டுதானே ஏறுனேன். எதுக்கு போன் பண்ணுனீங்க?”

‘அண்ணன வண்டிய ஓரங்கட்டச் சொல்லு, நான் சரியா பாக்கல’ என்று எழுதித் தந்துவிட்டேன். அழித்து, மாற்றி, மறுபடியும் எழுதித் தந்தேன். அவனோ ‘சும்மாதான்’ என்கிறான். நான் சொன்னால் அவளுக்குக் கேட்காது. போனில், அவளுக்குப் பின்னால், கியர் மாறும் சத்தம் கரகரவென்று கேட்கிறது.

அவள் போனை வைப்பதற்குள், வாசிக்கிற நீங்களாவது சொல்லுங்கள்.