எதிரி விழுந்தால்தான் விடுமுறை

"இந்த வருஷம் எங்கப்பா தோக்க மாட்டார் சார். வேற யாராவது தோத்துக்கங்க."

வெற்றித் திருநாள் குழுவின் கூட்ட அறையில் அவள் இதைச் சொன்னபோது, தலைவர் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிக்கொண்டிருந்தார். பாதி பிஸ்கட் உள்ளேயே விழுந்து கரைந்தது. கிளம்பும்போது அம்மா வாசல்வரை வந்து சொல்லியனுப்பியிருந்தாள்: "வைக்கோல் கூடப் போடச் சொல்லு, புது உடுப்பு கேளு, என்ன வேணாலும் கேளு. விழ மாட்டோம்னு மட்டும் வாயைத் திறந்துடாதடி. உங்கப்பா வழியில இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல." அதனாலேயே அவளுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஊருக்கே மனப்பாடமான கதை. எப்போதோ ஒரு எதிரித் தளபதி இந்த நகரத்தை முற்றுகையிட்டானாம். கோட்டைச் சுவரில் ஏறி, உச்சியில் நின்று மார்தட்டும்போது கால் இடறி உள்பக்கம் விழுந்து செத்தானாம். ஒரு கல்லைக்கூட எறியாமல் ஜெயித்த அந்த வீரத்தைப் போற்றி ஆண்டுதோறும் அரசு விடுமுறை. தளபதியாக ஏறி விழுவது அவள் அப்பாவின் குடும்பம். ஏன் அந்தக் குடும்பம் என்று கேட்டால், "அவங்கதானே விழுவாங்க" என்பார்கள்.

எதிரியின் முதுகு சுவரடியில் பரப்பிய வைக்கோலில் பட்டதும் மணிக்கூண்டில் மணி அடிக்கும். மணி அடித்தால்தான் விடுமுறை. அதுவரை வங்கி, பள்ளி, அஞ்சலகம் எல்லாம் திறந்தே இருக்கும். ஒரு வருஷம் மழையில் சுவர் வழுக்கி அப்பா ஏறுவதற்குத் தாமதமானதில், பள்ளியில் கணக்குப் பரீட்சையே நடந்து முடிந்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் மீசை வளர்ந்த பிறகும் அப்பாவைக் கண்டால் முறைத்துக்கொண்டு போகிறார்கள்.

மற்ற நாட்களில் அப்பா துணிக்கடையில் மூட்டை பிரிப்பவர். ஆனால் அப்போதும் அவர் எதிரிதான். "எதிரி அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்பார்கள் பேருந்தில். அவள் பட்டம் வாங்கியபோது தெருமுனையில் சுவரொட்டி ஒட்டினார்கள்: எதிரியின் மகளுக்கு நல்வாழ்த்துகள். அவள் படித்தது இயற்பியல். விழுவதே பிழைப்பான குடும்பத்தில், விழுவதைப் பற்றிப் படித்த முதல் ஆள்.

இப்போது அப்பா மூலையில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரிக்குக் குழு நாற்காலி தருவதில்லை. முற்றுகையின்போது அந்தத் தளபதி நகரத்துக்குத் தண்ணீர் விடவில்லை என்பதால் தேநீரும் கிடையாது.

"டாக்டர் சொல்லிட்டார் சார். இடுப்பெலும்பு தேஞ்சு போச்சு. இன்னொரு தடவை விழுந்தா அப்புறம் நடமாட்டமே இருக்காதாம்."

"நடக்கறதுக்கு என்னம்மா அவசியம்?" என்றார் செயலாளர். "ஏறினா போதும். ஏறவும் முடியலேன்னா தூக்கிட்டுப் போய் வச்சுடலாம்."

"வச்சு?"

"லேசா ஒரு தள்ளு."

"வைக்கோலையாவது ஒழுங்காப் போட்டீங்களா? வருஷா வருஷம் மெலிஞ்சுக்கிட்டே வருது. போன வருஷம் அது வைக்கோலா, பாயான்னே தெரியல."

வைக்கோல் குத்தகைக்காரர் தலைவரின் மச்சான். தலைவர் கரண்டியால் பிஸ்கட்டைத் தேடத் தொடங்கினார்.

"ஒரே ஒரு வருஷம் எதிரி ஜெயிச்சா என்ன சார் குடிமுழுகிடும்?"

வரலாற்றுப் பேராசிரியர் எழுந்தே நின்றுவிட்டார். அந்த வெற்றியைப் பற்றித் தடிதடியாகப் புத்தகம் எழுதியவர் அவர். "ஜெயிச்சா ஊர் அவர் கைக்குப் போயிடும்மா! மரபு அப்படி. அப்புறம் குப்பை, சாக்கடை, தெருநாய் எல்லாமே அவர் பொறுப்பு!"

தலைவர் கரண்டியைக் கீழே வைத்தார். முகத்தில் பளிச்சென்று ஒரு வெளிச்சம்.

"சாக்கடையையும் எடுத்துக்குவாரா?"

"தலைவரே!" என்று பதறினார் பேராசிரியர்.

"சும்மா தெரிஞ்சுக்கலாமேன்னு கேட்டேன்யா."

"அப்ப உங்கள்ல ஒருத்தர் விழுங்க," என்றாள் அவள். "ஒரு வருஷத்துக்கு."

அறையில் திடீரென்று நோய் பரவியது. செயலாளருக்கு முழங்கால், பொருளாளருக்கு ரத்த அழுத்தம். பேராசிரியருக்கு உயரம் ஆகாது. வேண்டுமானால் விழா மலருக்கு முன்னுரை எழுதித் தருவதாகச் சொன்னார். தலைவர் நல்ல திடகாத்திரமான மனிதர். ஆனால் அவர் விழுந்தால் ஊர் தப்பாக அர்த்தம் பண்ணிக்கொள்ளுமாம்.

செயலாளர்தான் மேசையைத் தட்டினார். "இந்தப் பொண்ணே விழட்டுமே! முதல் பெண் எதிரி! படிச்ச எதிரி! பத்திரிகைக்காரன் எல்லாம் ஓடி வருவான்."

எல்லோரும் கைதட்டினார்கள். அது அவளைச் சுடவில்லை. மூலையிலும் கைதட்டல் கேட்டதே, அதுதான் சுட்டது. அப்பா முக்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தார். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கே சொல்ல வாய் வரல சார். பொண்ணாப் போச்சே, என்னோட முடிஞ்சுடுமோன்னு எத்தனை நாள் தூங்காம கிடந்திருக்கேன் தெரியுமா? என்னைவிட நல்லா விழுவா சார் என் பொண்ணு!" பிறகு அவளிடம் குரலைத் தாழ்த்தினார். "பாப்பா, விழும்போது நாக்கை மட்டும் உள்ளே இழுத்துக்கணும். மொதல் தடவை நான் கடிச்சுக்கிட்டேன்."

அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் விழுந்த நாட்களில் ஊரெல்லாம் படுத்துத் தூங்கியது. அம்மா மட்டும் ராத்திரி முழுக்க அவர் முதுகுக்கு ஒத்தடம் கொடுத்தாள். விழுந்ததற்குக் குழு கொடுத்த காசில்தான் அவள் கல்லூரிக் கட்டணம் கட்டினாள். கத்தினால் அழுதுவிடுவோம் என்று தோன்றியதால் கத்தவில்லை.

"அப்பா ஏற வேண்டாம். நான் ஏறுறேன்."

மறுபடி கைதட்டல். தலைவர் அவளுக்கு ஒரு தேநீர் சொல்லப்போய், மரபு ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

"ஏறி, மேல நிப்பேன். வெயில் ஏறினா படி வழியா இறங்கி வீட்டுக்குப் போயிடுவேன்."

கைதட்டல் ஒவ்வொரு கையாக நின்றது.

"அப்ப மணி?" என்றார் செயலாளர்.

"அடிக்காது."

"மணி அடிக்கலேன்னா லீவு?"

"கிடையாது. எல்லாரும் வேலைக்குப் போங்க. எதிரி விழலேன்னா உங்களுக்குத் திங்கக்கிழமைதான்."

"அடுத்த வருஷம்?"

"அப்பவும் நான்தானே எதிரி. குடும்ப உரிமையாச்சே."

பேராசிரியர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "இயற்பியல் படிச்சவங்களை ஏத்தவே கூடாதுய்யா."

"வாங்கப்பா, போலாம்."

அப்பா வரவில்லை. முக்காலியைத் தலைவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவசர அவசரமாகச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். "சின்னப் பொண்ணு சார், ஏதோ கோவத்துல பேசுது. மேல போய் நின்னா கூட்டத்தைப் பாத்ததும் தானா விழுந்துடும். எங்க ரத்தத்துல இருக்குது சார்."

அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். கோட்டைச் சுவர்ப் பக்கமாகவே வீட்டுக்கு நடந்தாள், அந்தப் படிகளில் கைப்பிடி இருக்கிறதா என்று பார்க்க.